நிரந்தர அரசுப் பணியை விட்டுப் பன்னாட்டு அமைப்பில் சேரலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் அரசுத் துறை ஒன்றில் புள்ளியியல் அலுவலராக நிரந்தரப் பணியில் இருக்கிறேன். ஐ.நா. குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அமைப்பில் பி-3 எனப்படும் இடைநிலை அலுவலர் நிலையில் இரண்டாண்டு ஒப்பந்தப் பணி கிடைத்திருக்கிறது. ஊதியம், சலுகைகள் பற்றிய விவரங்களைப் படித்துவிட்டேன். அங்கே அன்றாட வேலை எப்படி இருக்கும், எது மனநிறைவு தரும், எது சோர்வு தரும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

முதல் பதில்

வாழ்த்துகள். நான் இத்தகைய அமைப்பொன்றில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். ஐ.நா. சாசனத்தின் 100ஆம் பிரிவின்படி, பணியாளர்கள் எந்த அரசிடமிருந்தும் அறிவுறுத்தல் கேட்கவோ பெறவோ கூடாது. படிக்கும்போது சாதாரணமாகத் தோன்றும் இந்த விதியின் கனம், உங்கள் சொந்த நாட்டைக் குறைவாகக் காட்டும் ஓர் எண் நீங்கள் தயாரித்த அட்டவணையில் இருந்து, அதை மாற்றினால் நன்றாக இருக்கும் என்று அந்நாட்டுப் பிரதிநிதி மிகப் பணிவாகக் கேட்கும்போதுதான் தெரியும். கணக்கிட்ட முறையை அவருக்கு விளக்கிவிட்டு, எண்ணை அப்படியே விட்டுவிட வேண்டும். மேலதிகாரி உங்கள் பக்கம் நின்றால், இந்த வேலையில் அதைவிடப் பெரிய நிறைவு எனக்குத் தெரியவில்லை.

சோர்வு தருவது வேகமின்மை. பேச்சுவார்த்தை வரைவுகளில் உடன்பாடு எட்டாத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைப்பார்கள். ஒரே பத்தியில் நான்கைந்து அடைப்புக்குறிகள் இருக்கும். நள்ளிரவு வரை பேசி ஒன்றை நீக்கினால், மறுநாள் காலை வேறொரு குழு அதே இடத்தில் புதிதாக ஒன்றைப் போட்டிருக்கும். நீங்கள் கூர்மையாக எழுதிய வாக்கியம் பல பிரிவுகளின் ஒப்புதலைப் பெற்றுத் திரும்பும்போது முனை மழுங்கித்தான் வரும். ஆயினும் உறுப்பு நாடுகள் எல்லாம் ஏற்றுக்கொண்ட வாசகத்துக்கு ஒரு வலு உண்டு. தனி அறிஞர் எழுதும் சிறந்த கட்டுரைக்கு அந்த வலு கிடைப்பதில்லை. எடுத்துக்காட்டாக, பெரியம்மையை ஒழிக்க, உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை 1959இல் தீர்மானித்தது. பணமும் ஆளும் போதாமல் வேலை தேங்கியது. 1967இல் திட்டம் தீவிரப்படுத்தப்பட்டு, 1980இல் நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பகைமை பாராட்டிய காலத்திலேயே இதில் சேர்ந்து உழைத்தன. அப்படி நாடுகளைச் சேர்ந்து உழைக்க வைக்கும் இடம் வேறு எங்கும் இல்லை என்பதால்தான் நான் இன்னும் இங்கே இருக்கிறேன்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் நான் விலகி வந்தவன். கையெழுத்திடும் முன், உங்கள் பணியிடத்துக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். உறுப்பு நாடுகள் கட்டாயம் செலுத்தும் சந்தாவிலிருந்தா, குறிப்பிட்ட திட்டத்துக்காக ஒரு நாடு தரும் நன்கொடையிலிருந்தா? உலக சுகாதார நிறுவனத்தையே எடுத்துக்கொண்டால், கட்டாயச் சந்தா அதன் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருந்து வந்தது. 2025இல் அமெரிக்கா விலகுவதாக அறிவித்தபின், 2026-27ஆம் ஆண்டுகளுக்கான உத்தேச வரவு செலவுத் திட்டத்தை அது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்க நேர்ந்தது. நன்கொடையாளருக்கு அறிக்கை எழுதுவதிலேயே என் நேரத்தில் பெரும்பகுதி போயிற்று. அவர் முன்னுரிமையை மாற்றிக்கொண்டதும், வேலை நன்றாக நடந்துகொண்டிருந்தபோதே என் பணியிடம் மறைந்தது. ஐ.நா. ஓய்வூதிய நிதியில் ஐந்து ஆண்டுகள் நிறைவு செய்யாதவருக்கு ஓய்வூதியம் கிடையாது. அவர் கட்டிய தொகை வட்டியுடன் திரும்ப வரும், அவ்வளவுதான்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நிதி விவரத்தை நான் கேட்கவே இல்லை. இன்றே எழுதிக் கேட்கிறேன். இப்போதைய வேலையை விட்டுவிடாமல் போக வழி உண்டா?

மூன்றாம் பதில்

பல அரசுகள் அயற்பணியாகவோ (சொந்தத் துறையின் பணியாளராகவே இருந்து வேறோர் அமைப்பில் சில காலம் பணியாற்றுவது) ஊதியமில்லா விடுப்பிலோ செல்ல அனுமதிக்கின்றன. உங்கள் துறையின் விதி எதுவோ, அதன்படி எழுத்துப்பூர்வமான ஆணை பெறாமல் கிளம்ப வேண்டாம். ஆனால் அயற்பணியில் இருப்பவர், திரும்பிச் செல்லப்போகும் துறையின் மனம் கோணாதபடி நடந்துகொள்ளும் சபலத்துக்கு ஆளாகக்கூடும். முதல் பதிலில் சொல்லப்பட்ட சுதந்திரத்துக்கு அது இடையூறு. இதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

இன்னொன்று. பணியில் தகராறு வந்தால் உள்ளூர்த் தொழிலாளர் நீதிமன்றம் பொதுவாக உங்கள் வழக்கை எடுக்காது, ஏனெனில் இந்த அமைப்புகளுக்குச் சட்ட விலக்குரிமை உண்டு. அதற்குப் பதிலாக, பணியாளர் வழக்குகளை விசாரிக்க ஐ.நா. பிணக்குத் தீர்ப்பாயம் 2009 முதல் இயங்குகிறது. வேறு பல அமைப்புகள் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் நிர்வாகத் தீர்ப்பாயத்தை ஏற்றுள்ளன. உங்களுடையது எதன் கீழ் வருகிறது, முறையீட்டுக்கான காலக்கெடு எவ்வளவு என்பதைச் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள். உள்ளூரில் நியமிக்கப்பட்ட பணியாளர்களிடம் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். பன்னாட்டு அலுவலர்கள் வந்து வந்து போக, அலுவலகத்தின் நினைவைக் காத்து வைத்திருப்பவர்கள் அவர்களே.