சென்டர்போர்டு இறங்க மாட்டேன் என்கிறது, சனிக்கிழமைக்குள் உதவி தேவை

சோழகம்:
வணக்கம். என் பாய்ப்படகின் நடுப்பலகை (சென்டர்போர்டு, அடியில் தண்ணீருக்குள் இறக்கும் பலகை) கூட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. கயிற்றைத் தளர்த்தினாலும் இறங்கவில்லை. கையால் அழுத்தினால் நாலு விரல் அளவு போய் நின்றுவிடுகிறது. போன கிழமை வரை நன்றாகத்தான் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் கடல் ஏற்றம், மச்சான் குடும்பத்தோடு வருகிறார். கடையில் கொடுத்துத் திருத்த நேரமில்லை. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? அவசரம்.

கொண்டல்:
என்ன படகு? மரமா, ஃபைபரா? பலகை மரமா, உலோகமா? எந்தக் கடற்கரை? டிரெய்லரில் இருக்கும்போது மாட்டுகிறதா, தண்ணீரிலுமா? இது தெரியாமல் என்ன சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

ராயபுரம் லேசர்:
இந்தத் தொல்லைக்குத்தான் நான் சுழலும் பலகை உள்ள படகு பக்கமே போவதில்லை. டேகர்போர்டு என்றால் மேலிருந்து சொருகு, வேண்டாமா, உருவி எடு. முடிந்தது. பாய்ப்படகு வீராங்கனை நேத்ரா குமணன் 2021இல் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது லேசர் ரேடியல் படகில். அதுவும் டேகர்போர்டுதான்.

பழைய சுக்கான்:
"மாட்டிக்கொண்டது, உதவி" என்று எழுதிவிட்டால் நாங்கள் ஜோசியம் பார்த்துச் சொல்ல வேண்டுமாக்கும். இதே கேள்விக்கு இங்கே ஏற்கெனவே பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. தேடும் பெட்டி மேலே இருக்கிறது தம்பி.

சோழகம்:
மன்னிக்கவும். படகு வேஃபேரர். இங்கிலாந்தில் சவுத்எண்ட் பக்கம்.

கொண்டல்:
வேஃபேரரிலும் பல வகை உண்டே. பழைய மரப் படகா, பிறகு வந்த ஃபைபரா, 'வேர்ல்ட்' ரகமா? மரப்பலகை என்றால் இன்னொன்றும் இருக்கிறது. ப்ளைவுட் மிதக்கும். கயிற்றை விட்டால் தானாக இறங்காது, அழுத்தித்தான் இறக்க வேண்டும். இறக்கிய பிறகு அதைக் கீழே பிடித்து நிறுத்துவது கூட்டுக்குள் இருக்கும் உராய்வு ரப்பர். அதை யாராவது புதிதாக மாற்றியிருந்தால் இப்படி இறுகும்.

மரவேலை:
ஊதிப்போயிருக்கிறது, வேறொன்றுமில்லை. பலகையின் கீழ் மூலையில் எபாக்ஸி பெயர்ந்தால் அங்கிருந்து தண்ணீர் குடிக்கும். ப்ளைவுட்டின் வெட்டுமுனை குடிக்கிற குடிக்கு இரண்டு மாதத்தில் கொழுத்துவிடும். பலகையைக் கழற்றி, மேல் பக்கம் ஒரு அளவு, கீழ் மூலையில் ஒரு அளவு எடுங்கள். வித்தியாசம் இருந்தால் காய வைத்து, இழைத்து, மறுபடி எபாக்ஸி. சனிக்கிழமையை மறந்துவிடுங்கள்.

பழைய சுக்கான்:
ஊதிய பலகை கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். "போன வாரம் வரை நன்றாக இருந்தது" என்கிறார், படிக்கவில்லையா? இது கல். சவுத்எண்டின் பியர், அதாவது கடலுக்குள் போகும் பாலம், 2 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடப்பது அழகுக்காக இல்லை. வற்றில் கடல் அவ்வளவு தூரம் பின்வாங்கிவிடும், அதனால்தான். பெரிய ஏற்றத்துக்கும் வற்றுக்கும் ஐந்து மீட்டருக்கு மேல் வித்தியாசம். அங்கே நங்கூரமிட்ட படகு ஒவ்வொரு வற்றிலும் சேற்றில் உட்காரும். உட்காரும்போது, பலகை வெளியே வருகிற அடிப் பிளவுக்குள் எதையாவது அள்ளிக்கொள்ளும். கல்லை எடுங்கள், பலகை இறங்கும்.

சோழகம்:
ஃபைபர் உடம்பு, மரப்பலகை. படகு நிற்பது லீ-ஆன்-சீயில், மட்டிக் கொட்டகைகள் இருக்கும் பக்கம். வற்றில் தரை தட்டும். அடியில் பிளவை மூடும் ரப்பர் பனிக்காலத்தில் புதிதாகப் போட்டது. தண்ணீரிலும் மாட்டுகிறது. இப்போது டிரெய்லரில் ஏற்றி வீட்டு வாசலில் வைத்திருக்கிறேன். நாலு விரல் இறங்குகிறதே, இப்படியே சனிக்கிழமை ஓட்டலாமா? தூரம் போக மாட்டோம்.

கொண்டல்:
கூடாது அண்ணை. பலகை மேலே இருந்தால் படகுக்கு 20 சென்டிமீட்டர் தண்ணீர் போதும், முழுக்க இறக்கினால் 1.17 மீட்டர். நடுவில் இருக்கும் அந்த ஒரு மீட்டர்தான் படகு பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கிறது. நாலு விரலோடு போனால் காற்றோடு சுகமாகப் போவீர்கள், திரும்பி வர முடியாது. காற்றுக்கு எதிரே எவ்வளவு முறை திருப்பினாலும் அதே இடம்தான். மத்தியானம் ஏற்றம் என்றால் அதன் பிறகு வற்று. வற்று இழுக்கும் திசை முகத்துவாரத்துக்கு வெளியே.

இன்னும் ஒன்று. கவிழ்ந்தால் படகை நிமிர்த்த நாம் ஏறி நிற்பது அந்தப் பலகையின் மேல்தான். அது கூட்டுக்குள் இருந்தால் காலை எதில் வைப்பது? அடிப்பக்கம் வழுவழுவென்று இருக்கும், விரலுக்குப் பிடி கிடையாது. 169 கிலோ உடம்பு, அதற்கு மேல் பாய்மரம், நனைந்த பாய். அதுவும் குழந்தைகளோடு. வேண்டாம்.

மரவேலை:
அவர் சொல்வது சரி. ஆனாலும் கீழ் மூலையை அளந்து பாருங்கள்.

கச்சான்:
டிரெய்லரில் வைத்துக்கொண்டு கீழே படுத்து நோண்ட வேண்டாம். ஜாக்கி நழுவினால் அவ்வளவுதான். நான் செய்கிற முறை இது.

பாய்மரத்தை இறக்குங்கள். சுக்கான், துடுப்பு, உள்ளே கிடக்கும் சாமான் எல்லாம் வெளியே. பழைய டயர் இரண்டு, இல்லாவிட்டால் தடித்த மெத்தை, புல்லில் போடுங்கள். மூன்று பேர் சேர்ந்து படகை டிரெய்லரிலிருந்து இறக்கிப் பக்கவாட்டில் சாய்த்தால் அடி முழுக்க உங்கள் முகத்துக்கு நேரே வரும். டார்ச் அடித்துப் பிளவின் பின்முனையைப் பாருங்கள், அணியத்துப் பக்கம் இல்லை. பலகை முன்பக்க போல்ட்டில் சுழல்வதால் பின்முனைதான் முதலில் வெளியே வர வேண்டும். அங்கே சிக்கினால் நீங்கள் சொல்கிற மாதிரித்தான் நாலு விரலில் நிற்கும். ரப்பரை இரண்டு பக்கமும் விரலால் விலக்கி, மெல்லிய தகடு ஒன்றை உள்ளே விட்டுப் பலகையின் பக்கவாட்டில் மேலும் கீழும் ஓட்டுங்கள். பழைய ஹாக்ஸா பிளேடு போதும், பல் இல்லாத ஓரம் பலகைப் பக்கம் இருக்கட்டும். எங்கே தட்டுகிறது என்று கை சொல்லிவிடும்.

மேலிருந்து சுத்தியலால் அடிக்க வேண்டாம். கல்லோ சிப்பியோ இருந்தால் அது ஆப்பாக இறங்கிக் கூட்டின் சுவரைப் பிளக்கும். அந்தக் கசிவை அடைப்பது பெரிய வேலை. பிவட் போல்ட்டைத் தண்ணீரில் இருக்கும்போது கழற்றவும் வேண்டாம். அந்த ஓட்டை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது.

வேதாரண்யம்:
இவ்வளவு பாடு எதற்கு? எங்கள் பக்கத்து வத்தைப் பாய்ப்படகில் பலகை வெளியே தொங்கும். ஆழமில்லாத கடல், தட்டை அடி, பக்கத்தில் கட்டிய பலகை. கூடும் கிடையாது, பிளவும் கிடையாது, கல் மாட்ட இடமே இல்லை. தரை தட்டினால் கயிற்றைப் பிடித்துத் தூக்கு, அவ்வளவுதான். இவர்கள் இருக்கும் தேம்ஸ் முகத்துவாரத்திலேயே பழைய சரக்குப் படகுகளுக்குப் பக்கப்பலகைதான் இருந்தது. சேற்றுக் கரைக்கு அது தோதாக இருந்ததால்தானே வைத்தார்கள்.

பழைய சுக்கான்:
அது சரக்கு ஏற்றும் பார்ஜ். இது 4.8 மீட்டர் டிங்கி, சின்னத் திறந்த படகு. ஒவ்வொரு முறை திருப்பும்போதும் ஒரு பக்கத்துப் பலகையைத் தூக்கி மறுபக்கத்தை இறக்க வேண்டும். பாய்க்கயிறு ஒரு கையில், சுக்கான் ஒரு கையில், மூன்றாவது கைக்கு எங்கே போவது? வேகம் வேண்டும், ஆழமும் குறைவாக வேண்டும் என்றால் நடுப்பலகைதான். இயன் ப்ராக்டர் 1957இல் இதை வரைந்தபோது யோசிக்காமலா வரைந்தார்?

வேதாரண்யம்:
மூன்று பாய்மரம் வைத்த வத்தையை ஓட்டியவர்களுக்கு எத்தனை கை இருந்ததாம்?

பழைய சுக்கான்:
ஆள் எத்தனை இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரட்டைக் கீல்:
குடும்பத்தோடு போகிறவர் டிங்கியே வாங்கியிருக்கக் கூடாது. இரட்டைக் கீல், அதாவது அடியில் அசையாத இரண்டு பலகை, உள்ள சின்ன அறைப் படகு (க்ரூஸர்) ஒன்று எடுத்தால் வற்றில் சேற்றின் மேல் நிமிர்ந்து நிற்கும், உள்ளே உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிக்கலாம். எஸ்ஸெக்ஸ் ஓடைகளில் பாதிப் படகு அப்படித்தான் இருக்கும்.

ராயபுரம் லேசர்:
அது நகருமா?

இரட்டைக் கீல்:
நகரும். மெதுவாக.

ராயபுரம் லேசர்:
அதைத்தான் சொல்கிறேன். வேஃபேரரும் கிட்டத்தட்ட அதே கதைதான், குடும்ப வண்டி. வேகம் வேண்டும் என்றால் லேசர்.

கொண்டல்:
படகு ரகங்களின் வேகத்தை எண்ணால் ஒப்பிடும் போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக் பட்டியலைப் பாருங்கள் சார். லேசரும் வேஃபேரரும் இரண்டுமே 1100ஐ ஒட்டித்தான். நீங்கள் தனியாளாகத் தொங்கிக்கொண்டு போகிற வேகத்துக்கு இது மதியச் சாப்பாட்டுக் கூடையோடு பக்கத்திலேயே வரும். நல்ல காற்றில் இதுவும் எழும்பித் தண்ணீர் மேல் வழுக்கும்.

பழைய சுக்கான்:
குடும்ப வண்டி என்கிறவருக்கு ஒரு தகவல். ஃப்ராங்க் டை 1963இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்குப் போனது வேஃபேரரில். அடுத்த வருடம் நார்வே. வழியில் புயலில் கவிழ்ந்து, பாய்மரம் உடைந்து, அப்படியும் போய்ச் சேர்ந்தார். மேலே மூடிய தளம்கூட முழுதாக இல்லாத படகு. லேசரில் எண்ணூருக்குப் போய் வந்துவிட்டு எழுதுங்கள்.

ராயபுரம் லேசர்:
அவர் போனார் என்பதற்காக எல்லோரும் போக வேண்டுமா ஐயா? இவர் லீ-ஆன்-சீயில் வாசலைத் தாண்ட முடியாமல் நிற்கிறார்.

கொண்டல்:
சண்டையை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சோழகம் அண்ணை, ஒரு விஷயம். பிளவு ரப்பர் பனிக்காலத்தில் புதிதாகப் போட்டது என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், அதை யாரும் கவனிக்கவில்லை. ரப்பரின் பின்முனை எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது? தகட்டுக்கு அடியில் திருகாணியா, வெறும் பசையா? பசை என்றால் அங்கேதான் கோளாறு. பலகை ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த முனையை உள்ளே இழுக்கும். ஒரு நாள் விட்டுப்போய் உள்பக்கமாக மடங்கும். அதன் மேல் படகு மட்டிச் சிப்பியில் உட்கார்ந்தால் மீதி தானாக நடக்கும். லீயில் மட்டிக் கொட்டகைக் கரை முழுக்கச் சிப்பிதானே.

மரவேலை:
பசை விட்டதற்கும் மூலை ஊதினதற்கும் ஒரே காரணம்தான், தண்ணீர். அளந்தீர்களா?

கச்சான்:
படகைச் சாய்த்தீர்களா? என்ன தெரிந்தது? படம் இருந்தால் போடுங்கள்.

கொண்டல்:
அண்ணை?

இரட்டைக் கீல்:
ஆளைக் காணோம். ஏற்றம் வந்திருக்கும்.

சோழகம்:
இறங்கிவிட்டது. ரப்பரின் பின்முனை விட்டு உள்ளே மடங்கியிருந்தது, மடிப்புக்குள் சிப்பித் துண்டுகள். பிளேடால் வந்தது. பசைதான் போட்டிருந்தார்கள். இப்போதைக்கு ரப்பரை முழுக்கக் கழற்றிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி, மச்சான் வந்துவிட்டார்.

பழைய சுக்கான்:
நான் முதலிலேயே சொன்னேன்.

கொண்டல்:
நீங்கள் சொன்னது கல்.

பழைய சுக்கான்:
சிப்பி கல்லில் ஒரு வகைதான்.

மட்டக்களப்பு:
புதியவன், இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ரப்பர் இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும்? என்னிடமும் நடுப்பலகைப் படகுதான், ரப்பரே இல்லாமல்தான் வாங்கினேன்.

கச்சான்:
ஓட்டலாம், ஆபத்தில்லை. வேகம் எடுக்கும்போது பிளவுக்குள் தண்ணீர் கொந்தளிக்கும், கூட்டின் மேல்வாயால் காலில் தெறிக்கும், கொஞ்சம் வேகமும் போகும். போடுவதானால் பசையை நம்ப வேண்டாம். ரப்பரை அணியத்திலிருந்து கடையால் வரை நீளவாக்கில் நன்றாக இழுத்துப் பிடித்து, இரண்டு பக்கமும் துருப்பிடிக்காத தகடு வைத்துத் திருகாணியால் இறுக்குங்கள். கடைசித் திருகாணி ரப்பரின் முனையை ஒட்டியே வர வேண்டும். தொய்வாக விட்டால் மறுபடி மடங்கும். திருகாணி ஓட்டைகளுக்குள் சீலண்ட் வைக்க மறக்க வேண்டாம்.

வேதாரண்யம்:
பக்கப்பலகை என்றால் இந்த ரப்பரே தேவையில்லை.

பழைய சுக்கான்:
அதற்குத் தனி இழை திறங்கள், அங்கே வந்து பேசுகிறேன்.