ரசாயனம் கலக்காத மண்ணிலேயே புழு சாகிறது, ஏன்?

பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி வகுத்த 207ஆம் வழிகாட்டு முறையில் மண்புழு நச்சுத்தன்மைச் சோதனை. இனம் ஐசீனியா ஃபெடிடா. ரசாயனமே சேர்க்காத கன்ட்ரோல் ஜாடிகளில் பத்துக்கு இரண்டு மூன்று செத்துவிடுகின்றன. 10 சதவீதத்தைத் தாண்டினால் சோதனையே செல்லாது.

மண்: குவார்ட்ஸ் மணல் 70, கயோலின் களிமண் 20, பீட் (சதுப்புநிலத்தில் மட்கிய பாசி) கிடைக்காததால் மீதி 10 சதவீதம் தென்னை நார்க்கழிவு. வெப்பம் 20 டிகிரி, விடாத வெளிச்சம். முதல் வாரத்திலேயே புழுக்கள் உள்ளே இறங்காமல் கண்ணாடியில் ஏறுகின்றன, வெளிறிச் சுருங்குகின்றன. 14ஆம் நாளுக்குள் சாவு.

கால்சியம் கார்பனேட் போட்டு பிஎச் 6 ஆக்கியாயிற்று. ஈரம் சரி. வேறு தொட்டிப் புழுக்களையும் விட்டுப் பார்த்தோம். முன்கூட்டியே அதே மண்ணில் பழக்கினால், அப்போதே தப்பி ஓடப் பார்க்கின்றன (வளர்ப்புத் தொட்டியில் கொழுகொழுவென்று இருப்பவைதான்!). எனக்கு நார்க்கழிவின் உப்பு மேல்தான் சந்தேகம்.

நார்க்கழிவு வைத்து இந்தச் சோதனை செய்தவர்கள், மின்கடத்துதிறன் (உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) எந்த அளவுக்கு இறங்கும்வரை அதைக் கழுவுகிறீர்கள்?