2,700 லிட்டர்: அது யார் வீட்டுத் தண்ணீர்?

(பருத்தியா, பாலியெஸ்டரா என்று புனைபெயர்களில் நடந்த ஒரு விவாதம்.)

சிக்கனம்: ஒரு பருத்தி டி-சர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. இயற்கை மீது அக்கறை இருந்தால் பாலியெஸ்டருக்கு மாறுங்கள். சீக்கிரம் காயும், இஸ்திரியும் வேண்டாம்.

கரிசல்காட்டான்: இந்த 2,700-ஐக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கோவில்பட்டிப் பக்கம் எங்கள் கரிசலில் கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி மானாவாரிப் பயிர். ஐப்பசி மழையை நம்பி விதைக்கிறோம். கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடப் பாய்ச்சுவதில்லை. வானம் பெய்வதையும் எங்கள் செலவில் எழுதுவீர்களா?

சிக்கனம்: நான் சொன்னது உலகச் சராசரி. கடையில் விற்கும் சட்டையில் உங்கள் கருங்கண்ணி எங்கே இருக்கிறது? இன்று விளைவதில் பெரும்பகுதி மரபணு மாற்றிய பி.டி. பருத்தி.

கரிசல்காட்டான்: சராசரிக்குப் பின்னால் ஒளியாதீர்கள். மானாவாரியா, பாசனமா?

நொய்யல்கரை: விளைச்சலை விடுங்கள், சாயத்தைப் பேசுங்கள். நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியதில் எங்கள் கிணறு உப்பாகிவிட்டது. அடர்நிறச் சட்டை கேட்பவர்கள் அந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்க்கட்டும்.

பனியன் நகரம்: மறுபடியும் ஆரம்பித்துவிட்டீர்களா? 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலையில்லாமல் ஊருக்குத் திரும்பியவன் நான். இப்போது கழிவைச் சுத்திகரித்து அதே நீரில்தான் சாயம் போடுகிறோம்.

நொய்யல்கரை: போன மாதமும் இதைத்தான் சொன்னீர்கள். என் கிணறு இனித்துவிட்டதா?

கரிசல்காட்டான்: சாயம் போட்டது பருத்தியின் குற்றமா? என் அப்பாவின் வேட்டி பத்து வருடம் உழைத்தது. கிழிந்த பிறகு என் மகளுக்குத் தூளியானது, அதற்குப் பிறகு அடுப்படியில் கரித்துணி. பாலியெஸ்டர் சட்டை கிழிந்தால் சிந்திய தண்ணீரைத் துடைக்கவாவது உதவுமா?

கொடிக்கயிறு: பாலியெஸ்டரைத் துவைக்கும்போதெல்லாம் பிளாஸ்டிக் நுண்ணிழை உதிர்ந்து சாக்கடைக்குப் போகிறது. எந்தத் துணியானாலும் ஒரு முறை உடுத்தியதும் ஊறவைக்காதீர்கள். ஜீன்ஸை நிழலில் காற்றாடப் போட்டால் நாலைந்து முறை உடுத்தலாம்.

சிக்கனம்: வியர்வை நாற்றத்தோடு பஸ் ஏறச் சொல்கிறீர்களா?

கொடிக்கயிறு: நாற்றம் பிடித்துவைப்பதே உங்கள் பாலியெஸ்டர்தான். பருத்தி உடுத்திப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கரிசல்காட்டான்: பேச்சை மாற்ற வேண்டாம். மறுபடியும் கேட்கிறேன்: மானாவாரியா, பாசனமா?

சிக்கனம்: முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். 2,700.

கரிசல்காட்டான்: ஐப்பசியில் எங்கள் காட்டுக்கு வாருங்கள். எந்தக் குழாயில் அந்த 2,700 வருகிறது என்று நீங்களே காட்டுங்கள்.