ஒன்டாரியோவில் செப்டிக் டேங்க் உள்ள வீட்டை வாடகைக்கு எடுக்கிறீர்களா?

டொராண்டோ வாடகை கட்டுப்படியாகாமல் லின்ட்சேவுக்கு வெளியே கிராமப்புறத்தில் வீடு பார்ப்பதாகவும், அங்கே நகராட்சிச் சாக்கடை இல்லை, செப்டிக் டேங்க்தான் என்று சொன்னதும் தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். தயங்க வேண்டாம். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், தொட்டியைக் கடைசியாக எப்போது உறிஞ்சி எடுத்தார்கள் என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். வாய்வார்த்தை போதாது.

நாங்கள் கேட்காமல் குடியேறினோம். முதல் குளிர்காலத்தில், மகளின் பிறந்தநாளுக்கு முப்பது பேர் வந்திருந்த மாலையில், அடித்தளக் குளியலறையின் வடிகால் வழியாகக் கழிவுநீர் மேலே பொங்கி வந்தது. விருந்தினர்கள் மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் மனைவியும் கீழே வாளியும் துணியுமாக நின்றோம். மறுநாள் வீட்டுக்காரர், உங்கள் சமையல் எண்ணெய்தான் காரணம் என்றார். உறிஞ்ச வந்த லாரிக்காரர் தொட்டியைப் பார்த்துவிட்டு, இது நான்கு மாதத்தில் சேர்ந்த கசடு அல்ல, பல வருடங்களாகச் சேர்ந்தது என்று ரசீதிலேயே எழுதிக்கொடுத்தார். அந்த ஒரு வரி எங்களைக் காப்பாற்றியது.

தொட்டிக்குள் கனமானது அடியில் கசடாகப் படியும். எண்ணெய்ப் பசை பாலாடைபோல மேலே ஆடையாக மிதக்கும். நடுவில் இருக்கும் நீர் மட்டும் வெளியேறி, தோட்டத்துக்கு அடியில் பதித்த துளைக் குழாய்கள் வழியாக மண்ணில் இறங்கும். இந்தக் குழாய்கள் பதித்த இடம்தான் குழாய்ப் படுகை. கசடும் ஆடையும் சேர்ந்து தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை எட்டும்போது உறிஞ்சி எடுக்க வேண்டும். சாதாரணக் குடும்பத்துக்கு 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும். விட்டுவிட்டால் கசடு குழாய்களுக்குள் போய் மண்ணையே அடைத்துவிடும். தொட்டியைக் காலி செய்வது எளிது. அடைபட்ட குழாய்ப் படுகையை மீட்பது அப்படியல்ல, பெரும்பாலும் புதிதாகவே அமைக்க வேண்டியிருக்கும்.

நம் பக்கத்துப் பொறுப்பும் உண்டு. வடை பொரித்த எண்ணெயை ஆறவைத்து டப்பாவில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள். குழம்புச் சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். தேங்காய்ப் பால் பிழிந்த சக்கை, கறிவேப்பிலை, சோறு எதுவும் தொட்டிக்குப் போகக் கூடாது. குழந்தையைத் துடைக்கும் ஈரத் துணிகளின் உறையில் கழிப்பறையில் போடலாம் என்று அச்சிட்டிருந்தாலும் போடாதீர்கள். ஏழு நாள் துணியையும் சனிக்கிழமையே துவைக்காமல் பிரித்துத் துவையுங்கள். ஒரே நாளில் நீர் பாய்ந்தால் கசடு படிய நேரம் கிடைக்காது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஒன்டாரியோவின் 2006ஆம் ஆண்டு குடியிருப்பு வாடகைச் சட்டப்படி, வீட்டைச் சீராகப் பராமரிப்பது வீட்டுக்காரரின் கடமை. குறையைத் தெரிந்தே நீங்கள் குடியேறியிருந்தாலும் அந்தக் கடமை போகாது. நீங்களோ உங்களுடன் இருப்பவர்களோ வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ உண்டாக்கிய சேதம் மட்டுமே உங்கள் தலையில் விழும். புகாரை மின்னஞ்சலில் எழுதுங்கள், படம் எடுத்து வையுங்கள். அசையாவிட்டால் வாடகைத் தீர்ப்பாயத்துக்கு, பராமரிப்புக் குறைகளுக்கான டி6 (T6) படிவத்தில் விண்ணப்பம் கொடுங்கள். கோபத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள், அதுவே உங்களை வெளியேற்றக் காரணமாகிவிடும்.

எந்த நிலையிலும் மூடியை நீங்களே திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். ஊரில் விஷவாயுவால் எத்தனை பேர் தொட்டிக்குள் மாண்டார்கள் என்று நமக்குத் தெரியும். இங்கும் அதே வாயுதான். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் மூடி ஆடினால் அன்றே வீட்டுக்காரருக்கு எழுதுங்கள்.

அந்த வீட்டில் கிணற்று நீர் என்றால் அதையும் பரிசோதியுங்கள். உள்ளூர்ப் பொதுச் சுகாதார அலுவலகத்தில் குப்பி கிடைக்கும். கிருமிப் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை.

குழாய்ப் படுகை எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதன்மேல் காரை நிறுத்தாதீர்கள், அங்குள்ள பனியை வாரவும் வேண்டாம். அந்தப் பனிதான் குழாய்கள் உறையாமல் காக்கும் போர்வை. தொட்டி மூடிக்கு அருகில் நவம்பரிலேயே உயரமான குச்சி ஒன்றை நட்டு வையுங்கள். ஜனவரியில் லாரி வரும்போது முழங்கால் பனியைத் தோண்டித் தேட வேண்டியிருக்காது.