எக்ஸ்எஃப்சிஇ-யிலிருந்து ஐ3-க்கு: தமிழ், மலையாளத் தட்டச்சு கெடாமல் மாறுவது எப்படி?

மார்த்தாண்டம்_டிடிபி:
அண்ணன்மாரே, கடை லேப்டாப்பில் டெபியன் 12 என்ற லினக்ஸும், எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப்பும் ஓடுது. 4 ஜிபி ராம், 1366×768 திரை. கல்யாணக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் ஆண்டறிக்கை எல்லாம் லிப்ரே ஆபீஸில்தான். ஒரே பக்கத்தில் தமிழும் மலையாளமும் வரும். மவுஸைத் தொடாமல் வேலை ஓட, கீபோர்டிலேயே ஜன்னல்களை ஆளும் ஐ3 என்ற ஜன்னல் மேலாளருக்கு மாறலாம்னு எண்ணம். இப்ப இருக்கிற டெஸ்க்டாப் போகாமல் போட முடியுமா? ஐபஸ்ஸில் (மொழி மாற்றித் தட்டச்சு செய்யும் நிரல்) தமிழ்99, மலையாளம் இன்ஸ்கிரிப்ட் ரெண்டு கீபோர்டு முறையும் இருக்கு, அது அப்படியே ஓடுமா? வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவ் தானாகத் திறக்குமா? ஐ3 போதுமா, அதே மாதிரியான ஸ்வே-க்குப் போகணுமா?

வடசேரி_டெர்மினல்:
எக்ஸ்எஃப்சிஇ-யைத் தொடவே வேண்டாம் மக்கா. டெர்மினலில் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் போட்டு ஐ3, டெக்ஸ், எக்ஸ்எஸ்எஸ்-லாக் மூணு பேக்கேஜையும் ஏத்து. லாக் அவுட் பண்ணி, லாகின் திரையில் வலது மேல் மூலை ஐகானை அமுக்கி ஐ3-யைத் தேர்ந்தெடு. ஒத்துவரலைன்னா அதே இடத்தில் திரும்ப எக்ஸ்எஃப்சிஇ.

முதல் தடவை கான்ஃபிக் (அமைப்புகள் எழுதியிருக்கும் ஃபைல்) உருவாக்கட்டுமான்னு கேட்டு, ஷார்ட்கட்டுக்கு விண்டோஸ் கீயா ஆல்ட்டா என்று ஐ3 கேட்கும். விண்டோஸ் கீயையே எடு. ஆல்ட் எடுத்தால் லிப்ரே ஆபீஸில் ஃபைல் மெனு திறக்க ஆல்ட்+எஃப் அடிக்கும்போது ஐ3 அதைப் பிடித்து ஜன்னலை முழுத்திரை ஆக்கிவிடும்.

முதல் வாரத்துக்கு இவ்வளவு போதும். விண்டோஸ்+எண்டர் டெர்மினல், விண்டோஸ்+டி (D) நிரல் தேட, விண்டோஸ்+ஷிஃப்ட்+க்யூ ஜன்னலை மூட, விண்டோஸ்+1 முதல் 0 வரை பணித்தளங்கள் (தனித்தனித் திரைகள் மாதிரி). ஷிஃப்டையும் சேர்த்து எண்ணை அடித்தால் ஜன்னலே அந்தத் தளத்துக்குப் போகும்.

1366 அகலத்தில் ரெண்டு ரைட்டர் ஜன்னலைப் பக்கம் பக்கமாக வைத்தால் டூல்பார் பாதி மறைஞ்சிடும், பக்கமும் கண்ணுக்குத் தெரியாது. உன் திரைக்கு விண்டோஸ்+டபிள்யூதான் சரி, எல்லா ஜன்னலும் டேப்களாக ஒன்றன்மேல் ஒன்று வரும். கண்ட்ரோல்+எஃப்5 அடித்து சைடுபாரையும் மூடு. டைலிங் (ஐ3 ஜன்னல்களை ஓடு பதித்த மாதிரி அடுக்குவது) என்றால் திரையைத் துண்டு போட்டே ஆகணும்னு கட்டாயம் இல்லை.

குளச்சல்_ஷெல்:
தட்டச்சு விஷயத்தைக் கொஞ்சம் கவனமாகச் செய்யணும் தம்பி. ஐபஸ்ஸில் மொழி மாற்ற இயல்பாக இருப்பது விண்டோஸ்+ஸ்பேஸ். ஐ3-யிலும் அதே கூட்டு, மிதக்கும் ஜன்னலுக்கும் டைல் ஆன ஜன்னலுக்கும் இடையே ஃபோகஸ் மாற்ற ஒதுக்கப்பட்டிருக்கு. ஐ3 ஓடும் எக்ஸ்11 என்ற திரை அமைப்பில் முதலில் பிடித்த நிரலுக்கே கீ சொந்தம். அதனால் ஒரு நாள் மொழி மாறும், இன்னொரு நாள் மாறாது. ஹோம் ஃபோல்டரில் .கான்ஃபிக், அதுக்குள்ளே ஐ3, அதுக்குள்ளே இருக்கும் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து, ஸ்பேஸோடு 'ஃபோகஸ் மோட்_டாகிள்' என்றிருக்கும் வரிக்கு முன்னால் # போடுங்க. ஃபைலைச் சேமித்து, லாக் அவுட் பண்ணி மறுபடி உள்ளே வாங்க.

ஐபஸ் ஓடுது, ஐகானும் மாறுது, ஆனால் ரைட்டரில் ஆங்கிலமே விழுது என்றால், ஜிடிகே, க்யூடி (ஜன்னல், பட்டன்களை வரையும் தொகுப்புகள்) கொண்டு எழுதிய நிரல்களுக்கு எந்த இன்புட் மெத்தட் (தட்டச்சு முறை) என்று சொல்லும் சூழல் மாறிகள், அதாவது லாகினில் அமையும் மதிப்புகள், அமையவில்லை. டெபியனில் ஐஎம்-கான்ஃபிக் என்ற கருவி மூலம் ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்து மறுபடி லாகின் பண்ணினால் தீரும்.

தமிழையும் மலையாளத்தையும் ஐபஸ்ஸின் எம்17என் (பல மொழித் தட்டச்சுத் தொகுப்பு) வழியாகவே வைங்க, கீபோர்டு லேஅவுட்டாகச் சேர்க்காதீங்க. லேஅவுட்டே தமிழாக மாறினால் 'டி' (D) கீ தமிழ் எழுத்தாகிவிடும், ஐ3-யின் ஷார்ட்கட் நின்னுபோக இடமுண்டு. அதைவிட மோசம், திரையைப் பூட்டும் ஐ3லாக்கில் பாஸ்வேர்டே அடிக்க முடியாது. எம்17என் வழியில் அடியில் இருப்பது எப்பவும் ஆங்கில லேஅவுட்தான்.

ஸ்வே, எக்ஸ்11-க்குப் பதிலான வேலண்டில் ஓடுவது. ஐ3 கான்ஃபிக்கை ஏறத்தாழ அப்படியே ஏற்கும். ஆனால் அங்கே தமிழ் அடிக்க ஐபஸ்ஸை விட்டு எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற வேறு தட்டச்சு நிரலுக்குப் போவதே சரி. கடை வேலை ஓடும்போது ரெண்டு மாற்றம் ஒரே நேரத்தில் வேண்டாம். இப்போதைக்கு ஐ3 போதும்.

வேளிமலை_ரூட்:
எக்ஸ்எஃப்சிஇ பின்னால் இருந்து செய்த சில வேலைகளை ஐ3 செய்யாது. அதுதான் புதுசா வருபவர்களைத் திணறடிக்கும்.

பென்டிரைவ்: யுடிஸ்கி பேக்கேஜைப் போட்டு, கான்ஃபிக்கில் எக்ஸெக் வரியாக (ஐ3 தொடங்கும்போது நிரலைக் கிளப்பும் வரி) சேருங்கள். செருகியதும் மவுண்ட் ஆகும் (சிஸ்டத்தோடு இணையும்), கழற்றும் முன் யுடிஸ்கி-யுமவுண்ட் கொடுக்கணும்.

பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி: பிரிண்டர் சேர்க்கும்போது பெட்டியே வராமல் வேலை நின்றுவிடும். எல்எக்ஸ்போல்கிட் போட்டு, அதையும் எக்ஸெக் வரியில் கொடுங்கள்.

டச்பேட்: தட்டினால் க்ளிக் ஆகாது. எக்ஸ்இன்புட் கட்டளையில் 'லிப்இன்புட் டாப்பிங் எனேபிள்ட்' மதிப்பை 1 ஆக்கணும். எழுத்தின் அளவும் தீமும் மாறித் தெரிந்தால் எல்எக்ஸ்அப்பியரன்ஸில் சரிசெய்யலாம்.

கரண்ட் போனால்: கீழ்ப்பட்டையில் பேட்டரி சிவப்பாகும், அவ்வளவுதான். எக்ஸ்எஃப்சிஇ4-பவர்-மேனேஜரை எக்ஸெக்கில் சேர்த்தால் எச்சரிக்கை வரும். மழைக்காலத்துக்கு லிப்ரே ஆபீஸின் ஆட்டோ ரெக்கவரி (தானாகச் சேமிக்கும்) இடைவெளியை 10 நிமிடத்திலிருந்து 2 ஆகக் குறைத்துவிடுங்கள்.

மார்த்தாண்டம்_டிடிபி:
ரொம்ப நன்றி. இந்த வரிகளுக்கு எக்ஸெக்கா, எக்ஸெக்_ஆல்வேஸா?

வேளிமலை_ரூட்:
எக்ஸெக்தான். எக்ஸெக்_ஆல்வேஸ் ஒவ்வொரு முறை ஐ3-யை ரீஸ்டார்ட் செய்யும்போதும் மறுபடி கிளப்பும், ஒரே நிரல் ரெண்டு மூணு ஓடும். எக்ஸ்இன்புட் வரிக்கு மட்டும் எக்ஸெக்_ஆல்வேஸ் போடலாம், அது மதிப்பை மாற்றிவிட்டு முடிந்துவிடும். கான்ஃபிக்கைத் திருத்தியதும், லாக் அவுட் பண்ணும் முன் டெர்மினலில் ஐ3 -சி கொடுங்கள், பெரிய எழுத்து சி (C). எந்த வரியில் பிழை என்று அதுவே காட்டும்.