பினாங்கைக் கைவிட்டது கவர்னருக்குத் தெரியாதாம்!

தோட்டக்காட்டான்: பக்கத்து இழையில் ஒரு மேதாவி தீர்ப்பே எழுதிவிட்டார். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவுக்குள் நுழைந்தபோது, பினாங்குத் தீவிலிருந்து வெள்ளைக்காரர்களை மட்டும் கப்பலேற்றியது ராணுவமாம், சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் கவர்னர் ஷென்டன் தாமஸுக்கு முன்கூட்டியே எதுவும் தெரியாதாம். 1934லிருந்து அந்த நாற்காலியில் இருந்த மனுஷன்யா அவர்!

கோட்டைவாசல்: மேதாவி நான்தான், வணக்கம். 11ஆம் தேதி ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு பினாங்கில் கோட்டைத் தளபதி வைத்ததுதான் சட்டம். விஷயம் தெரிந்ததும் தாமஸ் கொதித்துப்போனார். இனி இனம் பார்த்து யாரையும் வெளியேற்றக் கூடாது என்று சொன்னதும் அவர்தான்.

தோட்டக்காட்டான்: எப்போது தெரிந்ததாம்? 13 ராத்திரி வெள்ளைக்காரப் பெண்கள், பிள்ளைகள் கப்பலேறினார்கள். 16 ராத்திரி மிச்சம் மீதி துரைமார். இடையில் ஒரு போன்கூடவா வரவில்லை?

மணிக்கூண்டு: சிங்கப்பூரில் போர்க் கவுன்சிலுக்குத் தலைவர் பிரிட்டிஷ் மந்திரி டஃப் கூப்பர். அவர் 1942 ஜனவரியிலேயே கிளம்பிவிட்டார். தாமஸும் மனைவியும் பிப்ரவரி 15 சரணடையும்வரை இருந்து சிறைப்பட்டார்கள். அதையும் சொல்லுங்கள்.

தோட்டக்காட்டான்: ஓடினாரா என்று நான் கேட்கவே இல்லை. தெரியுமா தெரியாதா?

கோட்டைவாசல்: தெரியாது. தெரியாது. தெரியாது. போதுமா?

ஈயலம்பை: சண்டையை நிறுத்துங்கப்பா. துரைமார் போன பிறகு பினாங்குக் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியான யூனியன் ஜாக்கை இறக்கி, குண்டு போடாதே என்று ஜப்பான்காரனுக்கு ரேடியோவில் சொன்னது ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகை ஆசிரியர் சரவணமுத்து. நம்ம ஆள்! கெத்து லா!

தோட்டக்காட்டான்: நம்ம ஆளா? அவர் இலங்கைத் தமிழர். ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக உட்கார்ந்து எங்கள் தாத்தாவை விரட்டியவர்களும் அந்தப் பக்கத்து ஆட்கள்தான்.

ஈயலம்பை: பத்திரிகை ஆசிரியரைப் பற்றிப் பேசினால் கிராணியை ஏன் இழுக்கிறீர்கள்? துரைமார் விட்டுவிட்டுப் போன ஊரில் நிர்வாகக் குழு நடத்தியவர் அவர். 19ஆம் தேதி ஜப்பான்காரன் உள்ளே வரும்வரை ஊரைப் பார்த்துக்கொண்டது யார்?

தோட்டக்காட்டான்: இழுப்பேன். 1941 மே மாதம் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்து நம் ஜனம் கேட்டது என்ன? சீனருக்குச் சமமான கூலி, துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்காமல் போகும் உரிமை. அதற்குப் பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர் தலைவர் ஆர்.எச்.நாதனை நாடு கடத்தினார்கள். லண்டன் யுத்தத்துக்கு ரப்பர் வேண்டுமே! கூலிக்காரன் சைக்கிள் ஓட்டுவது தெரிந்த கவர்னருக்குக் கப்பல் ஓடியது மட்டும் தெரியாதாக்கும்!

மணிக்கூண்டு: பினாங்கு ரேடியோ நிலையத்தை உடைக்காமல் விட்டுப்போனதை ஒருவரும் பேசவில்லை. அந்த நிலையத்திலிருந்தே ஜப்பான்காரன் ஒலிபரப்பினான்.

தோட்டக்காட்டான்: அதுவும் தெரியாதென்று சொல்வார்கள்.

கோட்டைவாசல்: ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் பாதை பற்றிய இழையில் ஆதாரம் கேட்டதும் காணாமல் போன ஆள் இன்றைக்கு என்னை விசாரிக்கிறார்.

தோட்டக்காட்டான்: காணாமல் போகவில்லை, மாடரேட்டர் இழையைப் பூட்டினார். மாடரேட்டர் யாருக்குச் சொந்தக்காரர் என்று ஊருக்கே தெரியும்.

ஈயலம்பை: கிராணி விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.