அண்ணனைக் குடியிலிருந்து மீட்க வழி சொல்லுங்க (திண்டுக்கல், மதுரை பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். அண்ணனுக்கு 41 வயசு, பெயின்டர். காலையில் டம்ளரைப் பிடித்தால் பாதிக் காபி லுங்கியில்தான்.

போன வருஷம் கடன் வாங்கி ஒரு தனியார் மையத்தில் சேர்த்தோம். டாக்டரைக் கண்ணில் காட்டவே இல்லை, பூட்டி வைத்ததுதான் வைத்தியம். வெளியே வந்த பதினோராம் நாள் மறுபடி டாஸ்மாக். 2017 மனநலச் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டிருக்கணும், புத்தி அப்புறம்தான் வந்தது.

போன மாசம் அவராகவே சட்டென்று நிறுத்தினார். மறுநாள் வலிப்பு. மூன்றாம் நாள் ராத்திரி முழுக்க, சுவரில் பூச்சி ஊருது என்று தட்டிக்கொண்டே இருந்தார். ஜி.எச்.சில் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்ட டாக்டர், வருஷக்கணக்கா குடிச்சவரை வீட்டில் வைத்தா நிறுத்துவீங்க என்று என்னைத்தான் திட்டினார்.

இப்போ அவரே "எங்கேயாவது சேர்த்து விடுடா" என்கிறார். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சேர்த்தவங்க இருந்தா சொல்லுங்க, எத்தனை நாள் வைத்திருப்பாங்க? கூட ஆள் இருக்கணுமா? குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரை அங்கேயே தருவாங்களா? போதை மீட்பு உதவி எண் 14446க்குப் பேசினவங்க அனுபவம் என்ன? குடியை விட்டவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையா கூடுற ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் பக்கத்தில் தமிழில் நடக்குதா?

சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் பொடி மட்டும் யாரும் சொல்லாதீங்க. அதில் டைசல்ஃபிராம் மாதிரி, சாராயத்தோடு சேர்ந்தால் உடம்பை வாட்டும் மருந்து இருந்து, அது தெரியாமல் அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

அண்ணி செவ்வாய் வரைதான் லீவு போட்டிருக்காங்க, அதுக்குள்ள கிளம்பணும்.